உதடும் ஒலியும் ஒன்றான கதை

ஆற்றின் அக்கரையில் ஒருவர் கல்லில் துணி துவைப்பதை இக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லின்மேல் விழுவது முதலில் தெரியும். அவர் கை மறுபடியும் மேலே எழும்போதுதான் 'தப்' என்ற ஓசை நம் காதை எட்டும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. ஆற்றின் அகலம் 170 மீட்டர் என்றால் ஓசை அரை நொடி பிந்தி வந்து சேரும். இது பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்த செய்தி.

ஆற்றங்கரையில் இந்த அரை நொடி நம்மை உறுத்துவதில்லை. ஆனால் திரையில் ஒருவர் பேசும்போது அவருடைய உதடு அசைந்து அரை நொடி கழித்துச் சொல் வந்தால் நம்மால் பொறுக்க முடிகிறதா? சிறிது நேரத்தில் எரிச்சல் வருகிறது. பேசுபவர் பொய் சொல்வது போலக்கூடத் தோன்றுகிறது. இந்த உறுத்தல் எந்த அளவில் தொடங்குகிறது என்பதையும் ஆராய்ந்து அளந்திருக்கிறார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தை 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவர் அதை உணர்ந்துவிடுகிறார். பிந்தினால் 125 மில்லி நொடி வரை உணர்வதில்லை. பொறுத்துக்கொள்ளும் எல்லை முந்தும்போது 90 மில்லி நொடி. பிந்தும்போது 185 மில்லி நொடி. ஒரு மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முந்தும் ஒலியிடம் மட்டும் நம் மூளை இவ்வளவு கண்டிப்பாக இருப்பது ஏன்? இயற்கையில் ஒலி பிந்தி வருவது உண்டு. முந்தி வருவது ஒருபோதும் இல்லை!

படத்தையும் ஒலியையும் இந்த எல்லைக்குள் சேர்த்து வைப்பதைத்தான் ஒத்தியக்கம் என்கிறோம். திரைப்படத் தொழிலில் உள்ளவர்கள் சுருக்கமாக 'சிங்க்' என்பார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை நூறாண்டுகளுக்கு மேலாகப் பொறியியல் வல்லுநர்களைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு கடிகாரங்கள்

உங்கள் வீட்டில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று காலை இரண்டையும் சரியாக ஒரே நேரத்துக்குத் திருப்பி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுமா? காட்டாது. ஒன்று சற்று வேகமாகவும் மற்றொன்று சற்று மெதுவாகவும் ஓடியிருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்ததால் மட்டும் இறுதிவரை சரியாக இருந்துவிடாது.

படம் ஒரு கருவியிலும் ஒலி வேறொரு கருவியிலும் பதிவாகும்போது நேர்வது இதுவே. ஒவ்வொரு கருவியும் ஒரு கடிகாரம். இரண்டையும் ஒரே கணத்தில் ஓடவிடுவது முதல் பிரச்சினை. ஒரே வேகத்தில் ஓடச் செய்வது இரண்டாவது பிரச்சினை. இந்த இரண்டு பிரச்சினைகளையும் வேறுபடுத்தி மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போகும் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

எடிசனின் ஆசை

தாமஸ் ஆல்வா எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியான போனோகிராபைக் கண்டுபிடித்தார். காதுக்குச் செய்ததைக் கண்ணுக்கும் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பின்னர் எழுந்தது. அந்தப் பணியை அவரிடம் வேலை பார்த்த வில்லியம் டிக்சன் ஏற்றார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த எடிசன் கூடத்தில் 1894 இறுதியிலோ 1895 தொடக்கத்திலோ ஒரு சோதனை நடந்தது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன்னால் ஒருவர் நின்று வயலின் வாசிக்கிறார். அவர் டிக்சனே என்று கருதப்படுகிறது. பக்கத்தில் இரண்டு ஆண்கள் கைகோத்து நடனமாடுகிறார்கள். காட்சி படச்சுருளிலும், வயலின் இசை மெழுகு உருளையிலும் பதிவாயின. படத்தின் நீளம் 17 நொடிதான்.

படமும் ஒலியும் ஒரே வேளையில் பதிவாகி இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய முயற்சி இதுவே. ஆனால் அன்று இரண்டையும் ஒத்தியங்கச் செய்து காட்ட முடியவில்லை. சுருள் ஒருபுறமும் உருளை மறுபுறமும் போய்விட்டன. அவற்றின் கதைக்குப் பிறகு வருவோம்.

எடிசன் மனம் தளரவில்லை. 1913இல் கினட்டோபோன் என்ற கருவியை அரங்கங்களுக்கு அனுப்பினார். ஒலிக்கருவி திரைக்குப் பின்னாலும் படம் காட்டும் கருவி அரங்கின் மறுகோடியிலும் இருந்தன. இரண்டையும் நீண்ட பட்டை ஒன்று இணைத்தது. பட்டை சற்று நழுவினால் போதும், பாடகி வாயை மூடிய பிறகும் பாட்டு கேட்கும்! மக்கள் சிரித்தார்கள். பிரான்சில் லியோன் கோமோன் 1902இலேயே இத்தகைய கருவி ஒன்றைக் காட்டியிருந்தார். அவருக்கும் முழு வெற்றி கிட்டவில்லை.

ஒரே மோட்டார், பிறகு ஒரே சுருள்

1926 ஆகஸ்ட் 6ஆம் நாள் நியூயார்க்கில் 'டான் ஜுவான்' என்ற படம் வைட்டபோன் முறையில் இசையோடு காட்டப்பட்டது. மறு ஆண்டு அக்டோபர் 6இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து உலகையே பேசவைத்தது. வைட்டபோனில் ஒலி, 16 அங்குல விட்டமுள்ள இசைத்தட்டில் இருந்தது. தட்டு நிமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடிய 33 சுற்று சுழலும். ஒரு தட்டு ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். 1000 அடிப் படச்சுருள் ஒன்று ஓடும் நேரமும் அதுவே. தட்டையும் சுருளையும் ஒரே மோட்டார் சுழற்றியது. இரண்டு கடிகாரங்கள் ஒன்றாயின. வேகப் பிரச்சினை தீர்ந்தது.

தொடக்கப் பிரச்சினை மட்டும் எஞ்சியது. சுருளில் குறிக்கப்பட்ட படச்சட்டம் லென்சின் முன்னால் நிற்க வேண்டும்; தட்டில் அம்புக்குறி இட்ட இடத்தில் முள் நிற்க வேண்டும். முள்ளைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் 11 நிமிடமும் கோளாறுதான். படச்சுருள் அறுந்து நான்கு சட்டங்கள் வீணானால், அதே அளவு கறுப்புச் சுருளை வெட்டி ஒட்டியாக வேண்டும். இல்லையேல் அதற்குப் பிறகு வருவதெல்லாம் நான்கு சட்டம் தள்ளிப்போகும்.

இதற்கு நிலையான தீர்வு ஒலியையும் படச்சுருளிலேயே எழுதிவிடுவதுதான். சுருளின் ஓரத்தில் மெல்லிய பட்டையாக ஒலியின் ஏற்ற இறக்கங்கள் ஒளி, நிழலாகப் பதிவாகும். ஒரு விளக்கின் ஒளி அப்பட்டையை ஊடுருவி ஒளி மின்கலத்தில் விழும்போது மின்னோட்டம் கூடிக் குறைந்து ஒலியாகும். இனி சுருள் அறுந்தாலும் படமும் ஒலியும் சேர்ந்தே அறும், சேர்ந்தே ஒட்டும். 1930ஐ ஒட்டி இசைத்தட்டு முறை மறைந்தது. நம் நாட்டில் 1931 மார்ச் 14இல் வந்த 'ஆலம் ஆரா'வும், அதே ஆண்டு அக்டோபர் 31இல் வந்த 'காளிதாஸ்' என்ற முதல் தமிழ்ப் பேசும்படமும் இந்தக் காலத்துப் படைப்புகள்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. சுருளில் ஒரு சட்டத்துக்கு நேர் பக்கத்தில் இருப்பது அந்தச் சட்டத்துக்கு உரிய ஒலியன்று! 35 மில்லிமீட்டர் சுருளில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 20 சட்டங்கள் முன்னால் இருக்கும். ஏன் தெரியுமா? படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு சட்டமும் லென்சின் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். அதாவது சுருள் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர்கிறது. ஒலிக்கோ தடையில்லாத சீரான ஓட்டம் வேண்டும். ஆகவே படம் தெரியும் இடத்திலிருந்து 15 அங்குலம் தள்ளி, சுருள் சீராக ஓடும் இடத்தில் ஒலியைப் படிக்கிறார்கள். அந்த 15 அங்குலத்தில் 20 சட்டங்கள் அடங்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நொடியில் 24இல் ஒரு பங்கில் ஒலி 14 மீட்டர் செல்லும். ஆகவே திரையருகே உள்ள ஒலிபெருக்கியிலிருந்து 14 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு ஒலி எப்போதும் ஒரு சட்டம் பிந்தியே வரும். கொட்டகையில் உங்கள் இருக்கையும் ஒத்தியக்கக் கணக்கில் சேர்ந்ததுதான்!

நாடா வந்தது, பல் போயிற்று

ஒரே சுருளில் இரண்டையும் எழுதுவது பாதுகாப்பானது, ஆனால் வசதியானதன்று. ஒலியின் தரம் குறைவு. படப்பிடிப்புக்குக் கொண்டு செல்லவேண்டிய கருவிகளோ கனமானவை. ஜெர்மனியில் 1935இல் காட்டப்பட்ட மாக்னட்டோபோன் காந்த நாடாவின் வருகையை அறிவித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காந்த நாடா உலகெங்கும் பரவியது. ஒலி தெளிவாக இருந்தது, அழித்து மீண்டும் பதியலாம், செலவும் குறைவு.

ஆனால் மறுபடியும் இரண்டு கடிகாரங்கள்! படச்சுருளின் ஓரத்தில் துளைகள் உண்டு. பற்சக்கரம் அவற்றைப் பிடித்து இழுக்கும். கால் அங்குல நாடாவில் துளை இல்லை. வழவழப்பான உருளைகளுக்கு நடுவே அது நழுவும், வெயிலில் நீளும், ஈரத்தில் மாறும். வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும். மேலே பார்த்த 45 மில்லி நொடி எங்கே, 3.6 நொடி எங்கே!

இதற்குக் கண்ட தீர்வு இயற்பியல் மாணவர்கள் ரசிக்கத்தக்கது. நாடாவில் துளை இல்லையென்றால் காந்தத்தாலேயே துளை போட்டால் என்ன? படக்கருவியின் மோட்டார் சுழலும்போது அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒரு சிறு மின்னலை எடுத்து, ஒலியோடு கூடவே நாடாவில் பதிந்துவிடுவார்கள். இதற்கு வழிகாட்டி அலை என்று பெயர் சொல்லலாம். பின்னர் நாடா நீண்டுவிட்டால் வழிகாட்டி அலையும் அதே அளவு நீண்டிருக்கும். ஓடவிடும் கருவி அந்த அலையைத் துல்லியமான 50 ஹெர்ட்ஸ் அலையுடன் ஒப்பிட்டு, குறைந்தால் வேகத்தைக் கூட்டும், மிகுந்தால் குறைக்கும். நாடா தன் குறையைத் தானே சொல்லித் திருத்திக்கொள்கிறது!

போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டீபன் குடெல்ஸ்கி என்பவர் 1951இல் நாக்ரா என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். நாக்ரா என்ற போலிஷ் சொல்லுக்குப் 'பதிவு செய்யும்' என்பது பொருள். 1958இல் வந்த அதன் மூன்றாவது வடிவமும், 1962இல் அதனோடு சேர்ந்த புதிய வழிகாட்டி அலை முறையும் படப்பிடிப்பை வீதிக்குக் கொண்டுவந்தன. முதலில் படக்கருவிக்கும் நாக்ராவுக்கும் இடையே ஒரு கம்பி இருந்தது. பிறகு இரண்டிலும் தனித்தனியே குவார்ட்ஸ் படிகம் வைத்து, அதன் அதிர்வையே கடிகாரமாகக் கொண்டதும் கம்பியும் வேண்டாததாயிற்று.

இது வேகத்துக்கான மருந்து. தொடக்கத்துக்கு? படப்பிடிப்பில் 'கிளாப்' என்று கத்திப் பலகையைத் தட்டுகிறார்களே, அதுதான். பலகைகள் மோதும் சட்டம் படத்தில் கண்ணுக்குத் தெரியும். 'டப்' என்ற ஒலி நாடாவில் காதுக்குத் தெரியும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் தொடக்கம் சரியாகிவிடும்.

வீடியோ நாடாவும் 29.97 என்ற விந்தையும்

1956 ஏப்ரலில் சிகாகோ நகரில் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ நாடாக் கருவியைக் காட்டியது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு சிறு குழு அதைச் செய்தது. 2 அங்குல அகல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். படத்தை எழுத, நான்கு காந்த முனைகள் பொருந்திய சக்கரம் நாடாவுக்குக் குறுக்கே மிக வேகமாகச் சுழன்றது. ஒலியை எழுத, ஓரத்தில் அசையாத முனை ஒன்று இருந்தது. இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் இருக்க முடியாதாகையால், படச்சுருளில் கண்ட அதே கதை இங்கும் தொடர்ந்தது. ஒலி 9 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 0.6 நொடி தள்ளியே பதிவாயிற்று. தொடக்க காலத்தில் வீடியோ நாடாவைக் கத்தியால் வெட்டித்தான் தொகுத்தார்கள். படத்துக்குச் சரியான இடத்தில் வெட்டினால் ஒலி நடுச்சொல்லில் அறுபடும். தொகுப்பாளர் பாடு எப்படி இருந்திருக்கும்!

அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதற்கு முன்பே வேறொரு சிக்கல் விதைக்கப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் அங்கே நொடிக்கு 30 படம், படத்துக்கு 525 வரி. ஆக நொடிக்கு 15,750 வரிகள். ஒலியைச் சுமக்கும் ஊர்தி அலை, படத்தைச் சுமக்கும் அலைக்கு 45 லட்சம் ஹெர்ட்ஸ் மேலே இருந்தது. 1953இல் வண்ணத்தைச் சேர்க்க மூன்றாவது அலை ஒன்று நடுவே புகுத்தப்பட்டது. ஒலி அலையும் வண்ண அலையும் கலந்து திரையில் புள்ளிக் கோலங்களை உண்டாக்கும் அபாயம் எழுந்தது. ஒலி அலையின் அதிர்வெண் வரிகளின் எண்ணிக்கைக்கு முழு மடங்காக இருந்தால் அந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியாது. 45 லட்சத்தை 15,750ஆல் வகுத்துப் பாருங்கள், 285.7 வருகிறது. முழு எண் அன்று. ஒலி அலையை மாற்றினால் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளுக்குக் கேடு. எனவே வரிகளின் எண்ணிக்கையைச் சற்றே குறைத்து, மடங்கு சரியாக 286 வருமாறு செய்தார்கள். நொடிக்கு 15,734.27 வரிகள், அதை 525ஆல் வகுத்தால் 29.97 படங்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுதானே என்று அன்று தோன்றியிருக்கலாம். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு இன்றும் உலகெங்கும் தொகுப்பாளர்களைத் துரத்துகிறது! இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் நொடிக்குச் சரியாக 25 படங்கள் என்பதால் நாம் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பினோம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விலாசம்

கத்தி வேண்டாம், நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுத்தே தொகுக்கலாம் என்ற நிலை வந்தபோது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கருவியே கண்டுகொள்ள வேண்டியதாயிற்று. விண்வெளி ஆய்வில் அளவைகளைப் பதியும் நாடாக்களில் நேரத்தையும் குறியாக எழுதும் வழக்கம் இருந்தது. அதைத் தழுவி 1967இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வீடியோ நாடாவுக்கு நேரக்குறியைக் கொண்டுவந்தது. பின்னர் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் அதற்குப் பொதுத்தரம் வகுத்தன.

இந்த முறையில் ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிடம், நொடி, படம் என நான்கு எண்கள் கொண்ட விலாசம் உண்டு. அதை 80 இரும எண்களாக்கி ஒலித்தடத்தில் எழுதுகிறார்கள். காதால் கேட்டால் 'கீச்' என்று இரையும். படக்கருவியும் ஒலிக்கருவியும் ஒரே நேரக்குறியைப் பதிந்துவிட்டால், தொடக்கமும் வேகமும் ஒருங்கே தீர்ந்தன. கிளாப் பலகை ஒரு காட்சியில் ஒருமுறைதான் அடிக்கிறது. நேரக்குறி நொடிக்கு 25 முறை அடிக்கிறது!

அமெரிக்காவில் 29.97 என்ற எண் இங்கும் குறுக்கிட்டது. ஒரு மணி நேரத்தில் 30 வீதம் 1,08,000 படங்கள் என்று எண்ணினால், உண்மையில் ஓடுபவை 1,07,892தான். 108 குறைகிறது, நேரம் 3.6 நொடி பிசகுகிறது. இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவது. பத்தாவது, இருபதாவது போன்ற நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. மணிக்கு 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக 108. கணக்குத் தீர்ந்தது. படம் எதுவும் நீக்கப்படுவதில்லை. எண்கள் மட்டுமே தாண்டப்படுகின்றன. நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் சேர்த்துக் கணக்கை நேர்செய்வதற்கு ஒப்பான வேலை இது.

எண்களாக மாறிய ஒலி

ஒலியை எண்களாக்கிப் பதியும் காலம் 1970களில் பிறந்தது. ஒலி அலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எழுதுவதே அதன் அடிப்படை. ஒவ்வோர் அளவையும் ஒரு மாதிரி என்கிறோம். இத்தனை எண்களை எழுதிவைக்க அன்று கைக்கு எட்டிய நாடா எது? வீடியோ நாடாதான். எண்களைக் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளாக்கி, படம் போலவே அதில் எழுதினார்கள்.

படத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று மாதிரிகள். அமெரிக்க முறையில் நொடிக்கு 60 அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படும் வரிகள் 245. பெருக்கிப் பாருங்கள்: 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 3 × 294 × 50, அதுவும் 44,100! இரண்டு முறைகளுக்கும் பொருந்திய இந்த எண்ணையே 1982இல் வந்த குறுந்தட்டும் ஏற்றது. பாட்டைச் சுமக்கும் எண் வீடியோ நாடாவில் பிறந்தது என்பது வியப்பல்லவா?

வீடியோவுக்கோ 48,000 என்ற எண் நிலைத்தது. 25 படம் ஓடும் முறையில் ஒரு படத்துக்குச் சரியாக 1,920 மாதிரிகள். 29.97இல் 1,601.6 என்று பின்னமாக வருகிறது. ஐந்து படங்களுக்கு 8,008 என்று சேர்த்தால்தான் முழு எண் கிடைக்கும். தொலைக்காட்சி நிலையத்தில் ஒரே தலைமைக் கடிகாரம் எல்லாக் கருவிகளுக்கும் துடிப்பை அனுப்புகிறது. வைட்டபோனின் ஒற்றை மோட்டார் மறுபிறவி எடுத்தது போல!

உங்கள் வீட்டுக் கேசட்

இனி வீட்டுக்கு வருவோம். அலமாரியில் பழைய வி.எச்.எஸ். கேசட் ஒன்று இருக்கலாம். அதில் ஒரு திருமணம் இருக்கலாம். இன்று நம்மிடையே இல்லாத ஒரு பாட்டியின் குரலும் இருக்கலாம். அதைக் கணினிக்கு மாற்றியபோது குரல் ஒருபுறமும் வாய் ஒருபுறமும் போனால் என்ன செய்வது? முதலில் நோய் எது என்று அறிய வேண்டும். நோய்கள் மூன்று வகை.

முதலாவது, தொடக்கம் முதல் இறுதி வரை மாறாத விலகல். வி.எச்.எஸ். கருவியில் ஒலி முனை, படம் படிக்கும் உருளையிலிருந்து சுமார் 79 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகர்வதால் இது 3 நொடிக்கு மேற்பட்ட தொலைவு. பதிந்த கருவியும் ஓட்டும் கருவியும் ஒரே அளவில் இருந்தால் தொல்லையில்லை. ஒலி முனை 2 மில்லிமீட்டர் இடம் மாறினாலே 85 மில்லி நொடி பிசகும். கணினியில் படத்தைத் தாமதப்படுத்தும் செயலிகளும் இத்தகைய நிலையான விலகலை உண்டாக்கும். மருந்து எளிது: ஒலித்தடம் முழுவதையும் நகர்த்திவிட்டால் போதும்.

இரண்டாவது, போகப்போக வளரும் விலகல். படத்தை ஒரு படிகமும் ஒலியை வேறொரு படிகமும் அளப்பதால் வருவது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்றால் மணிக்கு 0.18 நொடி. ஒலி முந்தும் திசையில் வளர்ந்தால் அரை மணியிலேயே பொறுக்கும் எல்லையான 90 மில்லி நொடியைத் தொட்டுவிடும். 44,100 மாதிரிகளில் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினாலோ, ஒரு மணி ஒலி 55 நிமிடம் 7.5 நொடியில் முடிந்துவிடும். குரலும் கீச்சுக் குரலாகும்.

மூன்றாவது, படிப்படியாகத் தாவும் விலகல். பழைய நாடாவில் ஒத்தியக்கத் துடிப்புகள் நைந்திருக்கும். கணினி அவற்றை அறியாமல் அங்கங்கே சில படங்களைக் கைவிட்டுவிடும். ஒலியோ நில்லாமல் ஓடும். 25 படம் போனால் ஒரு நொடி பிசகு. இதைப் பின்னால் திருத்துவது கடினம். காலச் சீராக்கி என்ற கருவியை இடையில் வைத்து மறுபடி மாற்றுவதே நல்லது. அது தள்ளாடி வரும் வரிகளை நினைவகத்தில் வாங்கிச் சீரான வேகத்தில் வெளியிடும்.

இரண்டாவது நோய்க்கு ஒரு கணக்கு. அதே திருமணத்தை ஒருவர் தனியே ஒலிக் கேசட்டிலும் பதிந்திருக்கிறார். அந்தத் தெளிவான ஒலியை வீடியோவோடு சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக, கண்ணுக்கும் காதுக்கும் ஒருங்கே தெரியும் இரண்டு நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். தவிலில் ஓங்கி விழும் ஓர் அடி, தேங்காய் உடைத்தல் போன்றவை. வீடியோவில் அவற்றின் இடைவெளி 3,000 நொடி. ஒலிக் கேசட்டில் 3,006 நொடி என்று வைப்போம். ஒலியை 3,000/3,006 மடங்காக, அதாவது ஆயிரத்தில் இரண்டு பங்கு குறுக்க வேண்டும். சுருதி மாறாதா என்று கேட்பீர்கள். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு விழுக்காடு வேறுபாடு இருக்கிறது. 0.2 விழுக்காட்டைக் காது பொருட்படுத்தாது. உண்மையில் அந்தக் கேசட் மெதுவாக ஓடியதால்தான் சுருதி தாழ்ந்திருந்தது. நாம் அதை நேராக்குகிறோம்.

இரண்டு ஒலித்தடங்கள் இருந்தால் கணினியே பொருத்தம் பார்க்கும். இரண்டு கண்ணாடித் தாள்களில் ஒரே கோலத்தை வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்துவதாக எண்ணுங்கள். ஓரிடத்தில் மட்டும் கோடுகள் அனைத்தும் பொருந்தும். கணினியும் ஒரு தடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் மாதிரிகளைப் பெருக்கிக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை எங்கே உச்சமோ அதுவே உண்மையான இடம். 1965இல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறை இந்த மலைபோன்ற பெருக்கலைச் சில நொடி வேலையாக்கிவிட்டது.

105 ஆண்டுக்குப் பின் ஒரு சந்திப்பு

இப்போது டிக்சனின் வயலினுக்கு வருவோம். படச்சுருள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஊமைப்படமாக இருந்தது. மெழுகு உருளை, வெஸ்ட் ஆரஞ்சில் நினைவகமாகிவிட்ட எடிசன் கூடத்தில், இரண்டாக உடைந்து கிடந்தது. ஆனால் அது டிக்சனின் வயலின் என்ற குறிப்பு மட்டும் அழியாமல் இருந்தது. 1998இல் வல்லுநர்கள் உடைந்த துண்டுகளைப் பொருத்தி ஒலியை மீட்டார்கள். 2000ஆம் ஆண்டில் புகழ்பெற்ற தொகுப்பாளர் வால்டர் மர்ச் இரண்டையும் கணினியில் சேர்த்தார். படம் நொடிக்கு ஏறத்தாழ 40 சட்டம் வீதம் எடுக்கப்பட்டிருந்தது. வேகத்தைச் சரி செய்து, வில்லின் அசைவும் இசையும் பொருந்தும் இடத்தைக் கண்டதும், எடிசனால் காட்ட முடியாமற்போன காட்சி உயிர்பெற்றது. கிளாப் பலகை இல்லை, நேரக்குறி இல்லை, வில்லும் விரலுமே நேரக்குறிகள்!

வாசகர்களே, நம் வீட்டு நாடாக்களுக்கு அத்தனை ஆண்டு ஆயுள் இல்லை. காந்தத் துகள் உதிர்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. ஓட்டும் கருவியும் கிடைப்பதில்லை. வீடியோக் கேசட் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2025க்குப் பின் காந்த நாடாக்களை வழக்கமான முறையில் ஓட்டுவது இயலாமற் போகலாம் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன.

ஆகவே ஓடும் நிலையில் உள்ள கருவி கிடைத்தால் இன்றே மாற்றுங்கள். ஒலியும் படமும் பிசகினால் கலங்கி அழித்துவிடாதீர்கள்; வேகத்தையும் தொடக்கத்தையும் பின்னால் கணக்கிட்டுத் திருத்த முடியும், இழந்த ஒலியை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. மாற்றிய கோப்பின் பெயரோடு மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: நொடிக்கு எத்தனை படம், நொடிக்கு எத்தனை மாதிரி, இதன் இணையான மற்றொரு பதிவு எங்கே இருக்கிறது. உருளையைப் பற்றி எழுதியிருந்த ஒரு சிறு குறிப்புதான் நூறாண்டு பிரிந்திருந்த இரண்டு பாதிகளைச் சேர்த்து வைத்தது.